தரம் 2 பிள்ளை ‘கொ’வில் தடுமாறினால்

உங்கள் மகள் தரம் 2 இலும் ‘கொடி’யைக் ‘கெடி’ என்று வாசிக்கிறாள், ரியூசனுக்கு விடவா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். ‘கொ’வில் கொம்பு (ெ) இடப்பக்கம், அரவு (ா) வலப்பக்கம், உயிரொலியோ மெய்க்குப் பிறகுதான் வருகிறது. சின்னப் பிள்ளைக்கு இது லேசான வேலை இல்லை. கன்னடம் வாசிக்கப் பழகும் பிள்ளைகளைப் பற்றி ஆய்வாளர் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்துகளைப் பிடிக்கவே நாலாம் வகுப்பு வரை போவது தெரிந்தது. தமிழிலும் எழுத்துகள் குறைவில்லை, 247.

கெ, கே, கொ, கோ நாலையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எது மாறுகிறது என்று அவளையே சொல்லச் சொல்லுங்கள். வாசிக்கும்போது இடையில் மறிக்க வேண்டாம். வசனம் முடியட்டும், பிறகு திருத்தலாம்.

இதைவிட முக்கியம், நீங்கள் வாசித்துக் காட்டுவது. வீட்டில் ‘அவை போகினம்’ என்கிறோம், புத்தகத்தில் ‘அவர்கள் போகிறார்கள்’. அந்த நடை காதுக்குப் பழகாத பிள்ளை எழுத்துத் தெரிந்தாலும் திணறும். யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் சிறுவர் பகுதி இருக்கிறது, கூட்டிப்போய் அவளே தெரிவுசெய்ய விடுங்கள்.

அப்புறம், கண்ணையும் காதையும் ஒருக்கால் காட்டிவிடுங்கள். சில மாதம் இப்படிச் செய்தும் அதே எழுத்துகளில் நின்றால், வகுப்பாசிரியரோடு கதையுங்கள்.