தேவைக்கேற்ப அச்சிட்டு விற்கும் தொழிலில் முதல் ஆண்டில் என்ன எதிர்பார்க்கலாம்?

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: "கையில் சரக்கு வைத்துக்கொள்ளாமல், டி-ஷர்ட், மக் போன்றவற்றில் டிசைன் போட்டு இணையத்தில் விற்கும் பிரிண்ட் ஆன் டிமாண்ட் தொழிலைத் தொடங்கலாம் என்றிருக்கிறேன். முதலீடே தேவையில்லை என்கிறார்கள். எத்தனை மாதத்தில் வேலையை விடும் அளவுக்கு வருமானம் வரும்?"

நான்கு ஆண்டுகளாகச் சம்பள வேலையோடு சேர்த்து இந்தத் தொழிலையும் செய்துவருகிறேன். முதல் ஆண்டில், லாபம் என்று சொல்லிக்கொள்ளும்படியான தொகை எதையும் எதிர்பார்க்காதீர்கள். அந்த ஆண்டில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது, யாருக்கு எதை விற்க முடியும் என்ற தெளிவு மட்டுமே. அதுவும் டிசைன்களை ஏற்றிவிட்டுக் காத்திருப்பவருக்குக் கிடைக்காது. விற்றதையும் விற்காததையும் வாரந்தோறும் உட்கார்ந்து பார்ப்பவருக்கே கிடைக்கும். இதை உங்களைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை. மூன்றாம் மாதத்திலேயே மனம் உடைந்து கடையை மூடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் சிலரின் டிசைன்கள் என்னுடையவற்றைவிட நன்றாகவே இருந்தன.

முதலீடு தேவையில்லை என்ற பேச்சு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியே திரை தயாரிக்க வேண்டும். அந்தச் செலவு முன்கூட்டியே ஆகிவிடும் என்றாலும், 500 சட்டைகள் அடித்தால் ஒரு சட்டையின் தலையில் விழும் பங்கு மிகச் சிறியதாகிவிடும். டிடிஜி எனப்படும் நேரடித் துணி அச்சில் திரையே கிடையாது. அதனால்தான் ஆர்டர் வந்த பிறகு ஒரே ஒரு சட்டையை மட்டும் அடித்து அனுப்ப முடிகிறது. ஆனால் முதல் சட்டைக்கு ஆகும் அதே மையும் அதே நேரமும் ஆயிரமாவது சட்டைக்கும் ஆகும். ஆகவே, விற்காத சரக்கு தேங்கிப்போகும் அபாயத்திலிருந்து நீங்கள் தப்பிப்பது உண்மைதான் என்றாலும், அதற்கான விலையை விற்கும் ஒவ்வொரு சட்டையிலும் கூடுதல் அடக்கவிலையாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். மொத்தமாக அடித்து அடுக்கி வைத்திருப்பவரோடு விலையைக் குறைத்துப் போட்டியிடுவது இந்தத் தொழிலில் நடக்காத காரியம்.

கணக்கை ரூபாய், டாலர் என்று எதுவும் குறிப்பிடாமல் வெறும் எண்ணிலேயே போட்டுக் காட்டுகிறேன். ஒரு டி-ஷர்ட்டை, அனுப்பும் செலவும் உட்பட, 100-க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஆர்டர் வந்ததும் அச்சிட்டு வாடிக்கையாளருக்கே அனுப்பிவிடும் அச்சகம் வாங்கும் தொகை 48 என்றும், அனுப்பும் செலவு 20 என்றும் கொள்வோம். எட்ஸி போன்ற சந்தைத் தளத்தில் விற்றால், பரிவர்த்தனைக் கட்டணம் 6.5 விழுக்காடு (2022 ஏப்ரலுக்கு முன்பு இது 5 விழுக்காடாக இருந்தது), அதன்மேல் பணம் பெறும் கட்டணமும் பட்டியலிடும் கட்டணமும் சேர்ந்து இன்னொரு 4 அல்லது அதைச் சற்று ஒட்டி வரும். மிஞ்சுவது ஏறத்தாழ 21. அந்தத் தளம் வெளியிடங்களில் கொடுக்கும் விளம்பரத்தைப் பார்த்து வந்து ஒருவர் வாங்கினால், சிறிய கடைகளிடம் மேலும் 15 விழுக்காடு பிடிப்பார்கள். அப்போது கையில் நிற்பது 6. தள்ளுபடி கூப்பன் 10 விழுக்காடு கொடுத்திருந்தால் அதுவும் போய்விடும். நான் முதல் ஆறு மாதங்கள் இந்தக் கணக்கைப் போடாமலேயே, விற்ற தொகையைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். ஒரு லிஸ்டிங்கை, அதாவது பொருளின் விற்பனைப் பக்கத்தை, வெளியிடும் முன் மோசமான சூழலில் என்ன மிஞ்சும் என்பதை எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடியுங்கள்.

கைப்பணம் தேவைப்படும் இன்னோர் இடமும் உண்டு. ஆர்டர் விழுந்தவுடன் அச்சகம் தன் 68-ஐ உங்கள் அட்டையிலிருந்து எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் கொடுத்த 100 உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துசேரச் சில நாட்கள் ஆகும்; புதிய கடைகளின் பணத்தில் ஒரு பகுதியைச் சில வாரங்கள் நிறுத்திவைக்கும் தளங்களும் இருக்கின்றன. ஒரே வாரத்தில் 10 ஆர்டர்கள் வந்தால் 680 உங்கள் கையிலிருந்து முன்னே போக வேண்டும். விற்பனை கூடும்போது பணத்தட்டுப்பாடு வரும் என்பது புதிதாகத் தொடங்குபவருக்கு விளங்காத ஒன்று; எனக்கும் விளங்கவில்லை.

ரிட்டர்ன் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அச்சுப் பிழை, வழியில் சேதம் ஆகியவற்றுக்குப் படத்துடன் முறையிட்டால், அச்சகங்கள் பொதுவாக மாற்றுப் பொருள் அனுப்பிவிடும். அளவு சரியில்லை, மனம் மாறிவிட்டது என்றால் அவை பொறுப்பேற்பதில்லை. அந்த இழப்பு உங்களுடையது. ஒரு சட்டைக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுத்தால் குறைந்தது 68 போகும், அதை ஈடுகட்ட மூன்று சட்டைகளுக்கு மேல் விற்க வேண்டும். எனவே அளவு அட்டவணையைப் பொருளின் படங்களுக்கு நடுவிலேயே போட்டுவிடுங்கள்.

அதிகம் பேச வேண்டியது மாதிரிப் பொருள் வாங்குவதைப் பற்றி. திரையில் தெரியும் மாதிரிப் படத்தை நம்பி விற்கத் தொடங்குவதுதான் நான் செய்த பெரிய தவறு. என் முதல் டிசைனில், எழுத்துகளுக்குப் பின்னால் மென்மையான நிழல் ஒன்றை வைத்திருந்தேன். கணினியில் பார்க்க அது அழகாக இருந்தது. கறுப்புச் சட்டையில் அச்சாகி வந்தபோது, ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் அழுக்கு வெள்ளையாக ஒரு விளிம்பு ஓடியிருந்தது. காரணம் எளியது: கருநிறத் துணியில் நிறங்கள் எடுபட வேண்டும் என்பதற்காக அச்சு இயந்திரம் முதலில் வெள்ளை மையை அடித்தளமாக இடுகிறது, பாதி ஒளிபுகும் பிக்சல்களுக்குக் கீழேயும் அந்த வெள்ளை விழுந்து, நிழலுக்கு மேலாகத் தெரிந்துவிடுகிறது. பிக்சல் ஒன்று முழுமையாக இருக்க வேண்டும், அல்லது இருக்கவே கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். அதே சட்டையில் அச்சைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு மங்கலான தடமும், லேசான வினிகர் வாடையும் இருந்தன. மை பிடிப்பதற்காகத் துணியின் மீது முன்னதாகத் தெளிக்கும் கரைசல் அது, முதல் சலவையிலேயே போய்விடும். இதை நான் அறியாமல் இருந்திருந்தால், கறை படிந்த சட்டையை அனுப்பிவிட்டீர்கள் என்று வாடிக்கையாளர் எழுதும்போது என்ன பதில் சொல்லியிருப்பேன்?

இனி விற்பனைக்கு வருகிறேன். எட்ஸி 2005-இலும், ஏற்றும் டிசைன்களைப் பொருள்களில் அச்சிட்டு விற்கும் ரெட்பபிள் தளம் 2006-இலும் தொடங்கியவை. டிசைனை ஏற்றினால் அமேசானே அச்சிட்டு விற்றுத் தரும் மெர்ச் திட்டம் 2015-இல் வந்தது. இத்தனை ஆண்டுகளாக உலகெங்கிலுமிருந்து மக்கள் டிசைன்களை ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தக் குவியலுக்குள் உங்களுடையதைத் தேடல் முறை கண்டுபிடித்து முன்னால் காட்ட மாதங்கள் ஆகும். அமேசான் மெர்ச்சில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அதற்குப் பிறகும் தொடக்கத்தில் 10 டிசைன்களுக்குத்தான் இடம் கிடைக்கும், விற்க விற்கத்தான் எண்ணிக்கையை உயர்த்துவார்கள். சொந்தமாகத் தனிக் கடை வைத்தால் கட்டணங்கள் குறையும், ஆனால் வாடிக்கையாளர் ஒருவர்கூடத் தானாக வரமாட்டார். ஆளைக் கூட்டி வருவது முழுக்க உங்கள் வேலை. முதல் ஆண்டுக்குச் சந்தைத் தளமே நல்லது என்பது என் கருத்து, கட்டணம் கசந்தாலும்.

என் முதல் விற்பனை 74-ஆம் நாள் நடந்தது. முதல் ஆண்டில் 61 டிசைன்கள் ஏற்றினேன், 43 பொருள்கள் விற்றன, அவற்றில் 29 வெறும் நான்கு டிசைன்களிலிருந்து வந்தவை. மாதிரிகள் வாங்கிய செலவைக் கழித்தால் கையில் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அந்த நான்கு டிசைன்கள்தான் எனக்கு வழிகாட்டின. விற்காத 50-க்கும் மேற்பட்ட டிசைன்கள், எல்லோருக்கும் பிடிக்கும் என்று நினைத்து நான் எழுதிய பொதுவான ஊக்க வாசகங்கள். விற்ற நான்கில் முதலிடம் பிடித்தது தேனீ வளர்ப்பவர்களுக்கான ஒரு மக்.

தேனீ வளர்ப்பவர்கள் ராணித் தேனீயின் முதுகில் அது பிறந்த ஆண்டைக் குறிக்க ஒரு நிறப்புள்ளி இடுவார்கள். 1 அல்லது 6-இல் முடியும் ஆண்டுக்கு வெள்ளை, 2, 7-க்கு மஞ்சள், 3, 8-க்குச் சிவப்பு, 4, 9-க்குப் பச்சை, 5, 0-க்கு நீலம் என்பது பல நாடுகளிலும் பின்பற்றப்படும் வரிசை. தேனீ வளர்க்கும் நண்பர் ஒருவர் அந்த வரிசையை ஒவ்வொரு முறையும் மறந்துபோய்த் தேடுவதைப் பார்த்து, ஐந்து புள்ளிகளையும் எண்களையும் மட்டும் வைத்து மக்கில் போட்டேன். மாதிரி கைக்கு வந்தபோது ஐந்துக்குப் பதில் நான்கு புள்ளிகள்தான் இருந்தன. மக்கில் வெப்பத்தால் மையை ஏற்றும் சப்ளிமேஷன் அச்சில் வெள்ளை மை என்பதே கிடையாது. வெள்ளை வேண்டிய இடத்தில் மக்கின் நிறமே தெரியும். நான் சாம்பல் நிறப் பின்னணியில் வைத்து வரைந்ததால், வெள்ளை மக்கில் வெள்ளைப் புள்ளி மறைந்துபோகும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றைச் சுற்றிலும் போட்ட பிறகே விற்பனைக்கு வைத்தேன். அதை வாங்கியவர்கள் அழகுக்காக வாங்கவில்லை. தங்கள் வேலையை அறிந்த ஒருவர் செய்தது என்பதற்காக வாங்கினார்கள், சிலர் அதைச் சக வளர்ப்பாளருக்குப் பரிசாகவும் அனுப்பினார்கள். உங்களுக்கு நெருக்கமாகத் தெரிந்த ஒரு தொழிலோ பொழுதுபோக்கோ இருந்தால், அங்கிருந்து தொடங்குங்கள்.

வாசகங்களில் ஓர் எச்சரிக்கை தேவை. சாதாரணமாகத் தோன்றும் இரண்டு மூன்று சொற்கள்கூட ஆடைகளுக்கான 25-ஆம் வகுப்பில் வணிக முத்திரையாகப் பதிவாகியிருக்கலாம். எனது டிசைன் ஒன்று அப்படித்தான் ஒரு காலைப்பொழுதில் நீக்கப்பட்டு, கடைக்கு எச்சரிக்கையும் வந்தது. இன்னும் சில வந்திருந்தால் கடையே போயிருக்கும். முத்திரைப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகத் தேடலாம், பத்து நிமிட வேலை. திரைப்படப் பாத்திரங்கள், விளையாட்டு அணிகள், பிரபலங்களின் முகங்கள் ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள், மற்றவர்கள் விற்பதைக் கண்டாலும். செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படங்களை உருவாக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். மனிதப் படைப்புப் பங்களிப்பு இல்லாமல் உருவான படத்துக்குப் பதிப்புரிமைப் பதிவு கிடையாது என்று அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. அப்படியானால், நன்றாக விற்கும் உங்கள் படத்தை இன்னொருவர் அப்படியே எடுத்துப் போட்டால், அவரைத் தடுக்க உங்கள் கையில் உறுதியான பிடி இருக்காது. பொருளைக் கூர்ந்து அறிந்து நீங்களே வரைந்த எளிய கோட்டுப்படம் இதைவிட மேலானது.

வேலையை விடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். உங்கள் மாதச் சம்பளம் 100 சட்டைகளின் விற்பனை விலைக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சட்டைக்கு 21 மிஞ்சும் கணக்கில், அந்தச் சம்பளத்தை எடுக்க மாதம் 476 சட்டைகள், அதாவது நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட 16 விற்க வேண்டும். வரியை இதில் சேர்க்கவில்லை. நான்காம் ஆண்டில் எனக்கு அதிகம் விற்றது டிசம்பரில், 112 பொருள்கள். மற்ற மாதங்களில் முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் நிற்கிறது. அந்தப் பணத்தை நான் வீட்டுச் செலவுக்கு எடுப்பதில்லை. மாதிரிகளுக்கும் புதிய வகைப் பொருள்களைச் சோதிப்பதற்கும் செலவிடுகிறேன். வேலையிலும் தொடர்கிறேன். உங்களுடைய சம்பளத்தையும், நீங்கள் தேர்ந்தெடுத்த அச்சகத்தின் விலையையும் வைத்து இதே கணக்கை இன்றிரவே போட்டுப் பாருங்கள். வரும் எண்ணைப் பார்த்த பிறகும் தொடங்க வேண்டும் என்று தோன்றினால், முதல் டிசைனை ஏற்றும் முன் ஒரு மாதிரியை உங்கள் முகவரிக்கே வரவழைத்து, பத்து முறை துவைத்துவிட்டு, அதற்குப் பிறகு விற்பனைக்கு வையுங்கள்.