எழுபது வயதில் அரிச்சுவடி

அன்புள்ள ஐயா,

நான் பர்மிங்ஹாமில் செவிலியராக இருக்கிறேன். உடன் வேலை பார்க்கும் யூதத் தோழி கூப்பிட்டதால், போன டிசம்பர் கடைசி வாரத்தில் லிம்முத் என்ற அவர்களுடைய விழாவுக்கு ஒருநாள் போய்வந்தேன். ஒரு ஓட்டல் முழுக்க யூதர்கள். காலையிலிருந்து இரவுவரை ஒவ்வொரு அறையிலும் ஏதோ ஒன்று நடக்கிறது. ஓர் அறையில் தல்மூத் என்ற அவர்களுடைய சட்ட விவாத நூலின் ஒரே பக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராகச் சண்டை. பக்கத்து அறையில் ஐரோப்பிய யூதர்களின் இத்திஷ் மொழியில் பாட்டு. எதிரே இஸ்ரேல் அரசியல், ஒரே காரசாரம். ஓர் அம்மாவைப் பார்த்தேன், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எபிரேய எழுத்துகளை முதல்முறையாகக் கற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவர் ஒரு ரப்பி, அவர்களுடைய மதகுரு, என்று தோழி சொல்லித்தான் தெரிந்தது. சட்டையில் மாட்டியிருந்த அட்டையில் வெறும் பெயர் மட்டும்தான்.

படிப்பு அவர்களுக்கு இரத்தத்திலேயே ஊறியது. நமக்கு ஏன் இல்லை? சாலமோனுக்கு மயில் அனுப்பிய காலத்திலிருந்து அவர்களோடு உறவுள்ளவர்கள்தானே நாம்? எங்கள் தமிழ்ச் சங்கத்தில் பெரியவர்களுக்கு இப்படி ஒன்று தொடங்க ஆசைப்படுகிறேன். எந்த மூன்று நூல்களில் தொடங்கலாம்? கட்டணம் வாங்கலாமா?

அன்புடன்,
மா.

அன்புள்ள மா.,

உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. ஒன்றரை மாதமாக நான் ஃபிரான்ஸ் ரோசன்ஸ்வைக் என்ற யூதத் தத்துவவாதியோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அவரைப் பற்றி யாரிடமாவது பேச மாட்டோமா என்று இருந்தபோது நீங்கள் வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் மயிலை ஓட்டிவிடுகிறேன். விவிலியத்தில் வரும் ‘துக்கி’ நம் தோகைதான் என்று சொல்கிறார்கள். இருக்கட்டும். யூதர்கள் என்றதும் நம்மவர்கள் அந்த ஒரு தோகையைப் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவதைப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. ஒரு சொல் கப்பலேறிப் போனதில் உங்களுக்கும் எனக்கும் என்ன பெருமை? நாமா ஏற்றி அனுப்பினோம்?

அடுத்தது இரத்தம். இதற்குத்தான் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். இரத்தத்தில் சிவப்பணு இருக்கிறது, வெள்ளையணு இருக்கிறது. செவிலியரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு இல்லை. ‘அவர்கள் பிறவியிலேயே கெட்டிக்காரர்கள்’ என்று பாராட்டுகிறவர், பேச்சு கொஞ்சம் திரும்பினால் ‘பிறவியிலேயே தந்திரக்காரர்கள்’ என்றும் சொல்வார். ஐரோப்பாவில் இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது என்று தெரியும்தானே? இனி அந்தச் சொல்லை எழுதாதீர்கள்.

இரத்தத்தில் ஊறியிருந்தால் அந்த அம்மா எழுபது வயதில் அரிச்சுவடி படிப்பானேன்? உங்கள் கேள்விக்கான பதிலை நீங்களே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். பார்த்த பிறகும் இப்படிக் கேட்கிறீர்கள்.

ரோசன்ஸ்வைக் 1886இல் ஜெர்மனியின் காசல் நகரத்தில் பிறந்தவர். வசதியான வீடு. பேருக்கு யூதக் குடும்பம். தத்துவவாதி ஹெகலின் அரசியல் சிந்தனையை ஆராய்ந்து பட்டம் வாங்கினார். 1913இல் கிறிஸ்தவராக மதம் மாறுவது என்றே முடிவெடுத்துவிட்டார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் மனம் திரும்பி, ‘ஆகவே நான் யூதனாகவே இருக்கிறேன்’ என்று உறவினருக்கு எழுதினார். இருக்கிறேன் என்று சொல்லியாயிற்று, ஆனால் எதுவாக இருக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார். முதல் உலகப் போரில் பால்கன் போர்முனையிலிருந்தபடி தன் பெரிய தத்துவ நூலைத் துண்டு துண்டாகத் தாய்க்குத் தபாலில் எழுதி அனுப்பினார். போர் முடிந்து வந்தவருக்கு அவருடைய பேராசிரியர் மைனெக்கே பல்கலைக்கழகத்தில் வேலை தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று எழுதிவிட்டு, 1920இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பெரியவர்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். பெயர் ‘சுதந்திர யூதக் கல்வி இல்லம்’. ஜெர்மன் மொழியில் லேர்ஹவுஸ்.

யாருக்காக? வக்கீல்கள், டாக்டர்கள், வியாபாரிகள், அவர்களுடைய மனைவிமார். ஜெர்மன் கவி கோதேயைத் தலைகீழாக ஒப்பிப்பார்கள். பாட்டனாருடைய பிரார்த்தனைப் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் எந்தப் பக்கம் மேலே என்று தடுமாறுவார்கள். ஊரில் பெரிய மனிதர்கள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கைநாட்டு. அதை வெளியே சொல்ல வெட்கம். தெரியாததை விடுங்கள், படித்தால் வந்துவிடும். தெரியாது என்று நாலு பேர் முன்னால் காட்டிக்கொள்ளும் வெட்கம் இருக்கிறதே, பெரியவர்களை வாசலிலேயே நிறுத்துவது அதுதான். குழந்தைக்கு அது கிடையாது. ஐம்பது வயதுக்காரருக்கு உடம்பெல்லாம் அதுதான்.

ரோசன்ஸ்வைக்குக்கு இது தெரிந்திருந்தது, ஏனென்றால் அவருக்கே அந்த வெட்கம் இருந்தது. தொடக்க உரையில், யூத மரபை விட்டு விலகிப்போகாதவர் இங்கே யாரும் இல்லை என்றார். பழைய காலத்தில் தோரா என்ற வேதத்தில் தொடங்கி வாழ்க்கைக்கு வந்தார்கள், நாம் வாழ்க்கையில் தொடங்கித் தோராவுக்குப் போக வேண்டும், விளிம்பிலிருந்து நடுவுக்கு. அதனால் சொல்லிக்கொடுக்கவும் முழுக்கத் தெரிந்தவரைத் தேடவில்லை. விவிலியம் நடத்தியவர் எட்வர்ட் ஸ்ட்ராஸ், தொழிலால் வேதியியலாளர். ரிச்சர்ட் கோக் மருத்துவர். தத்துவவாதி மார்ட்டின் பூபர் 1922இல் வந்தார். இளைஞர்களாக, பின்னாளில் உளவியலாளராகப் பெயர் பெற்ற எரிக் ஃபிராம், யூத மறைஞானத்தை ஆராய்ந்த கெர்ஷோம் ஷோலம். ஒரு கட்டத்தில் 1,100 பேர் சேர்ந்து படித்தார்கள், ஊரின் யூதர்கள் மொத்தமே முப்பதாயிரத்துக்குள்தான்.

வேடிக்கை என்னவென்றால் ரோசன்ஸ்வைக்கே நல்ல பேச்சாளர் இல்லை. அவர் பேசினால் கேட்பவர்கள் தலைக்கு மேலே போகும். அவருடைய வகுப்பில் ஆள் குறைந்துகொண்டே வந்தது. அவருக்குப் பிடித்தது சின்ன அறை, ஒரு பிரதி, அதைச் சுற்றி நாலு பேர், கேள்வி. கூட்டம் வந்ததோ மேடைப் பேச்சுக்கு. எங்கேயும் இதே கதைதான். உங்கள் சங்கத்தில் நடக்கப்போவதும் இதுதான், சொல்லிவைக்கிறேன். முதல் மாதம் பட்டிமன்றப் பேச்சாளரைக் கூப்பிடலாம் என்று ஒருவர் கிளம்புவார். பொன்னாடை வாங்கப் பணம் ஒதுக்கச் சொல்வார். ஒலிபெருக்கி வந்துவிட்டால் படிப்பு எழுந்து போய்விடும். மைக் உள்ள அறையில் யாரும் ‘எனக்கு இந்த வரி புரியவில்லை’ என்று சொல்ல மாட்டார்கள்.

அந்தப் பேட்ஜுக்கு வருகிறேன். லிம்முத் என்றால் கற்றல். இங்கிலாந்தில் 1980இல் தொடங்கினார்கள், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊரே மூடிக்கிடக்கும்போது யூதர்களுக்கு வேறு வேலை இல்லை என்பதால் அந்த வாரம். நடத்துவதெல்லாம் தன்னார்வலர்கள். அட்டையில் டாக்டர், பேராசிரியர், ரப்பி எதுவும் போடுவதில்லை என்பது அங்கே விதி. இன்று சொல்லிக்கொடுப்பவர் அடுத்த மணி நேரம் இன்னொரு அறையில் மாணவராக உட்கார்ந்திருப்பார். கடும் ஆசாரப் பிரிவினருக்கு இது பிடிக்கவில்லை. எல்லாப் பிரிவு ரப்பிகளும் ஒரே கூரைக்குக் கீழே சமமாக உட்காருவதா என்று கேட்டார்கள். பிரிட்டனில் தலைமை ரப்பியாகப் பொறுப்பேற்ற எஃப்ரைம் மிர்விஸ் 2013 டிசம்பரில் அங்கே போனதே பெரிய சர்ச்சையானது. போகக் கூடாது என்று சொன்ன ரப்பிகள் இருந்தார்கள். போனார். உங்கள் தமிழ்ச் சங்கத்து அழைப்பிதழில் பட்டங்கள் இல்லாமல் பெயர்களை அச்சடிக்க முடியுமா? செயலாளரைக் கேட்டுப் பாருங்கள், பிறகு பேசுவோம்.

நான் என் கதையைச் சொல்லாமல் இருக்க மாட்டேன் என்று உங்களுக்குத் தெரியும். வணிகவியல் படித்தவன் நான். நாற்பத்து நாலு வயதில், நாலைந்து புத்தகம் வெளிவந்த பிறகு, எனக்கு இலக்கணம் தெரியாது என்பது தெரிந்தது. எழுத்தாளர் என்று பெயர் வாங்கிவிட்டு யாரிடம் போய்க் கேட்பது? தமிழ்ப் பேராசிரியர் ஒருவரிடம் ஜாடையாகக் கேட்டேன். ‘இதெல்லாம் ஆறாம் வகுப்புப் பாடமாயிற்றே’ என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் இரண்டு வருடம் வீணாகப் போனது. பிறகு எங்கள் தெருவில் ஹோமியோபதி மருத்துவர் ஒருவரிடம் உளறிவிட்டேன். அவருக்கும் தெரியாதாம், அவருக்கும் அதே ஆசையாம். கடைசி நோயாளி போனதும், இரவு ஒன்பதரைக்கு மேல், அவருடைய மேசையில் நன்னூலை விரித்தோம். இருவருக்கும் தெரியாது. அதுதான் எவ்வளவு நிம்மதி!

பாயிரத்திலேயே சண்டை வந்துவிட்டது. பவணந்தி மாணவர்களைத் தரம் பிரிக்கிறார் அல்லவா, அன்னம், பசு என்று தொடங்கிக் கடைசியில் இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. இல்லிக்குடம் ஓட்டைப் பானை. நெய்யரி என்பது பன்னாடை, நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நாம் திட்டுகிற அதே பன்னாடைதான். டாக்டர் தன்னை இல்லிக்குடம் என்று அறிவித்துக்கொண்டார். என்னைப் பன்னாடை என்றார். இரண்டு வாரம் அதே பேச்சு.

பல வருடம் கழித்து, பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ‘பிர்கே அவோத்’ படித்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஞானிகள் முன் உட்காருபவர்கள் நாலு வகை என்கிறது. கடற்பஞ்சு எல்லாவற்றையும் உறிஞ்சும். புனல் ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் விடும். வடிகட்டி திராட்சை மதுவை விட்டுவிட்டு மண்டியைப் பிடித்துக்கொள்ளும். நாலாவது, நல்ல மாவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் சல்லடை. புனல் நம் இல்லிக்குடம். வடிகட்டி நம் பன்னாடை, அச்சு அசல்! மிஷ்னா தொகுக்கப்பட்டது கி.பி. 200 வாக்கில், நன்னூலுக்கு ஆயிரம் ஆண்டு முன்பு. யார் யாரிடம் வாங்கினார்கள் என்று உடனே கப்பலைத் தேடாதீர்கள். வகுப்பு எடுத்த எவனுக்கும் இந்த முகங்கள் தெரிந்திருக்கும். உறவு வேண்டுமென்றால் மயிலை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொல்ல டாக்டர் இல்லை. அவர் போய் அப்போதே மூன்று வருடம் ஆகியிருந்தது. எழுத்தியலைத் தாண்டிப் பதவியலில் நின்றுபோனோம். மிச்சத்தை நான் தனியாகப் படித்து முடித்தேன். எல்லாம் சரியாகப் புரிந்தது, மறுத்துப் பேச ஆள் இல்லாததால். தல்மூதில் ஹோனி என்பவரின் கதை வருகிறது. எழுபது வருடம் தூங்கி எழுந்தவர். கல்விக்கூடத்துக்குப் போகிறார், ஹோனியின் காலத்தில்போல் இன்று விஷயம் தெளிவாக இருக்கிறது என்று அங்கே பேசிக்கொள்கிறார்கள். நான்தான் ஹோனி என்கிறார், யாரும் நம்பவில்லை. சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு செத்துப்போகிறார். அந்த இடத்தில் ரவா என்ற அறிஞர் ஒரு வழக்குச்சொல்லைச் சொல்கிறார்: கூட்டாளி, இல்லையேல் சாவு. நீங்கள் இரண்டிரண்டு பேராகச் சண்டை என்று எழுதினீர்களே, அதற்கு ஹவ்ரூதா என்று பெயர். ரவா சொல்வதும் அந்தச் சொல்தான்.

ரோசன்ஸ்வைக் கதையை முடித்துவிடுகிறேன். பள்ளி தொடங்கி இரண்டு வருடத்துக்குள் அவருக்கு நரம்பு நோய். கை போனது, பேச்சு போனது. மனைவி எடித் எழுத்துகளை வரிசையாகச் சொல்லச் சொல்ல, வேண்டிய எழுத்து வரும்போது கண்ணால் காட்டுவார். அப்படித்தான் பூபரோடு சேர்ந்து விவிலியத்தை மொழிபெயர்த்தார். 1929இல் இறந்தபோது 43 வயதுகூட நிறையவில்லை. பள்ளி அதற்கு முன்பே ஓய்ந்துவிட்டிருந்தது. 1933இல் நாஜிகள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியதும் பூபர் அதை மறுபடி திறந்தார். அதே ஆண்டு பெர்லினில் வேலை பறிக்கப்பட்ட யூதக் கலைஞர்கள் சேர்ந்து நாடகமும் இசையும் நடத்தினார்கள், யூதர்கள் மட்டும் பார்க்கலாம் என்ற அனுமதியோடு. முதல் நாடகம் லெஸ்ஸிங்கின் ‘ஞானி நாதன்’. பிறகு ஷில்லர், கோதே, பேத்தோவன் என்று ஒவ்வொன்றாகத் தொடக்கூடாது என்றார்கள் நாஜிகள். ஃபிராங்க்ஃபர்ட் பள்ளியை 1938இல் மூடினார்கள், பெர்லின் மேடையை 1941இல்.

உங்கள் கேள்வி எங்கோ போய்விட்டது. கட்டணம் வாங்குங்கள், லேர்ஹவுஸிலும் வாங்கினார்கள். மூன்று நூல் பட்டியல் தர மாட்டேன். தந்தால் மூன்றையும் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவீர்கள். தல்மூதின் நூல்கள் ஏறக்குறைய எல்லாமே இரண்டாம் பக்கத்தில்தான் தொடங்கும், முதல் பக்கம் என்று எண் இட்ட பக்கமே கிடையாது. எங்கே தொடங்குவது என்று நிறைய யோசிக்காதீர்கள். சங்கத்தில் உங்களைப் போலவே தெரியாத ஒருவரைக் கண்டுபிடியுங்கள்.

அப்புறம், அந்த அம்மாவை மறுபடி பார்த்தால் எந்த எழுத்துவரை வந்திருக்கிறார் என்று கேட்டு எழுதுங்கள்.