அக்கா, தம்பி, இன்னும் 90,000 பேர்

வாசகர் கேள்வி – பதில்

பிரிந்து மறுபடி சேர்ந்த பிரிட்டிஷ் ராக் குழுவான ஓயேசிஸ், 2025 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை லண்டன் வெம்பிளி ஸ்டேடியத்தில் ஏழு இரவு பாடிவிட்டுப் போனது. அதிலிருந்து எங்களுக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே ரகம்: பிரிந்த குழு ஒன்று மறுபடி சேரும்போது அண்ணனையோ தங்கையையோ கூட்டிக்கொண்டு போவது எப்படி? போனவர்களின் சந்தேகங்களும் போகப்போகிறவர்களின் சந்தேகங்களும் கலந்து கிடக்கின்றன. பொதுவானவற்றைப் பொறுக்கிப் பதில் தருகிறோம்.

கேள்வி: எனக்கு 17 வயது, தம்பிக்கு 13. அம்மா அப்பாவுக்கு இந்தச் சத்தமே ஆகாது. நாங்கள் இருவர் மட்டும் போய் மேடைக்குக் கிட்டே நிற்க முடியுமா? (ஹாரோ)

பதில்: இரண்டு இடத்தில் இடிக்கிறது. வெம்பிளியில் கச்சேரி நடக்கும்போது ஆடுகளத் தரையில் நிற்கும் பகுதிக்கு 14 வயது ஆகாதவர்களை விடுவதில்லை. உட்காரும் பகுதி என்றாலும், 16 ஆகாத பிள்ளையோடு 18 நிரம்பிய ஒருவர் வர வேண்டும். நீங்கள் அக்காதான், ஆனால் வாசலில் அந்தக் கணக்கு எடுபடாது. சித்தப்பாவோ அத்தை மகனோ ஒருவரைச் சேர்த்து மூன்று டிக்கெட், கீழ் அடுக்கில் உட்காரும் இடமாக எடுங்கள். மூன்றும் ஒரே ஆர்டரில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் இருக்கைகள் வேறு வேறு பிளாக்கில் விழும். அங்கே போய் மாற்றித் தரச் சொன்னால் நடக்காது. டிக்கெட் பக்கத்தில் வயது விதி சின்ன எழுத்தில் இருக்கும், பணம் கட்டும் முன் படியுங்கள். இடத்துக்கு இடம், கச்சேரிக்குக் கச்சேரி அது மாறும்.

கேள்வி: 2024 ஆகஸ்ட் 31 அன்று ஓயேசிஸ் டிக்கெட்டுக்காக நானும் தங்கையும் ஆளுக்கொரு லேப்டாப்பில் க்யூவில் நின்றோம். சுமார் 150 பவுண்டு என்று சொன்ன டிக்கெட் எங்கள் முறை வந்தபோது 355 காட்டியது. இது என்ன கணக்கு? அடுத்த முறை என்ன செய்வது? (குராய்டன்)

பதில்: கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு நிமிடம் விலையை ஏற்றியது என்றுதான் பலரும் நினைத்தார்கள். பிரிட்டனின் போட்டி மற்றும் சந்தை ஆணையம் விசாரித்ததில் தெரிந்தது வேறு. நிற்கும் டிக்கெட்டுக்கு இரண்டு விலைப் படிகள் முன்கூட்டியே வைக்கப்பட்டிருந்தன. மலிவான படி தீர்ந்ததும் அதே தரைக்கான விலை கூடிய படி திறந்தது. வரிசையில் நின்றவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை, குறை அங்கேதான். இனி படிப்படியான விலை இருந்தால் 24 மணி நேரம் முன்பே அறிவிக்க வேண்டும் என்று டிக்கெட் விற்ற டிக்கெட்மாஸ்டரிடம் 2025 செப்டம்பரில் ஆணையம் உறுதிமொழி வாங்கியிருக்கிறது. ஆகவே முந்தின நாள் அந்த அறிவிப்பைத் தேடிப் படியுங்கள். இருவரும் பேசி ஓர் உச்ச விலையைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். திரையில் நிமிடக் கடிகாரம் ஓடும்போது யாருக்கும் நிதானம் இருக்காது.

வேறு சில விஷயங்கள். ஓயேசிஸுக்கு ஒரு வீட்டுக்கு ஒரு கச்சேரிக்கு நான்கு டிக்கெட்தான் உச்சவரம்பு. ஒரே முகவரியிலிருந்து அக்கா நான்கு, தம்பி நான்கு என்று வாங்கினால் ஆர்டர் ரத்தாகலாம். யார் கிளிக் செய்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மற்றவர் மாற்றுத் தேதிக்கான வரிசையில் நிற்கட்டும். கணக்கில் முன்பே நுழைந்து கார்டு விவரத்தைச் சேமித்து வையுங்கள். இணைய முகவரியை மறைக்கும் விபிஎன்னை அணையுங்கள், ஒரே கணக்கைப் பல ஜன்னல்களில் திறக்காதீர்கள். இரண்டையும் கணினி ‘ரோபோ’ என்று எடுத்துக்கொண்டு வெளியே தள்ளிவிடும். வங்கிச் செயலி கேட்கும் ஒப்புதலுக்காக போனைக் கையிலேயே வைத்திருங்கள்; பக்கத்து அறையில் சார்ஜில் கிடந்த போனால் டிக்கெட் போனவர்கள் நிறையப் பேர். முன்விற்பனைக் குலுக்கல் இருந்தால் மட்டும் இருவரும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள், வாய்ப்பு இரட்டிக்கும்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் ஒருவர் அதே விலைக்குத் தருகிறேன் என்கிறார். டிக்கெட்டின் ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினார். நம்பலாமா? (ஈஸ்ட் ஹாம்)

பதில்: வேண்டாம். பல செல்பேசி டிக்கெட்டுகளில் பார்கோடு சில நொடிக்கு ஒருமுறை மாறும், ஸ்கிரீன்ஷாட் வாசலில் செல்லாது. மாறாத பார்கோடாக இருந்தால் இன்னும் மோசம். அதே படத்தைப் பத்துப் பேருக்கு விற்கலாம், முதலில் வந்தவர் உள்ளே போவார். வங்கி மாற்றல் மட்டும் கேட்டாலே ஒதுங்குங்கள். கச்சேரி நடத்துபவர்கள் அனுமதித்த மறுவிற்பனைத் தளங்களில் மட்டும் வாங்குங்கள். ஓயேசிஸுக்கு முகவிலையோடு (டிக்கெட்டில் போட்ட விலை) கட்டணம் மட்டும் சேர்த்து விற்ற டிவிக்கெட்ஸ் அப்படிப்பட்டது. கடைசி வாரத்தில், மேடை அமைப்பு முடிந்து பார்வை மறைக்கும் இடங்கள் எவை என்று தெரிந்த பிறகு, அதிகாரபூர்வத் தளத்திலேயே சில டிக்கெட்டுகள் புதிதாக வருவதும் உண்டு. பொறுமை உள்ளவர்களுக்கு அதுதான் நல்ல வழி.

கேள்வி: அண்ணனுக்கு முன்னால் நிற்க வேண்டும், எனக்கு உட்கார வேண்டும். சத்தம் எங்கே நன்றாக இருக்கும்? நான் ஐந்தடி. (இல்ஃபோர்ட்)

பதில்: ஐந்தடி உயரத்துக்குத் தரை சரிப்படாது. அது சரிவில்லாத சமதளம், உங்கள் முன் தெரிவது முதுகுகளும் தூக்கிப் பிடித்த போன்களும்தான். முன்தடுப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் வாசல் திறக்கும் முன்பே வந்து நிற்க வேண்டும். பிறகு கழிவறைக்குப் போனால் இடம் போய்விடும், ஸ்டேடியத்தை விட்டு வெளியேறினால் மறுபடி விடமாட்டார்கள். தண்ணீர் குடிக்காமல் சமாளிக்கிறேன் என்று நின்று மயங்குகிறவர்களை மருத்துவக் குழுவினர் வழக்கமாகவே தூக்கிக்கொண்டு போவார்கள்.

ஒலிக்கு வருவோம். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். மேடையிலிருந்து 110 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் 0.3 நொடிக்கு மேல் தாமதம், ஆனால் திரையில் படம் உடனே வந்துவிடும். பாடகரின் உதடு ஒரு சொல்லில் இருக்க, காதில் முந்தின சொல் விழும். தரையில் நடுவே நிற்கும் கோபுர ஸ்பீக்கர்கள், மேடை ஒலி வந்து சேரும் நேரத்துக்குத் தோதாகத் தாமதித்து ஒலிக்கும். அது தெளிவைக் கூட்டுமே தவிர உதட்டுக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியை மூடாது. மிகத் தெளிவாகக் கேட்கும் இடம் மிக்ஸிங் மேசையைச் சுற்றி. ஒலிப் பொறியாளர் அங்கே நின்று கேட்டுத்தான் எல்லாவற்றையும் சரி செய்கிறார். மேல் அடுக்கில், கூரைக்குக் கீழே கடைசி வரிசைகளில் எதிரொலி கலந்து வார்த்தை குழம்பும். மேடைக்கு ஒட்டிய ஓரத்து இருக்கைகளில் பெரிய திரை கோணலாகத் தெரியும். எங்கள் தேர்வு: கீழ் அடுக்கு, பக்கவாட்டில், மிக்ஸிங் மேசைக்கு நேரான பிளாக். இருவரும் அங்கேயே உட்காருங்கள். அண்ணன் எழுந்து நின்று ஆடட்டும், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆளுக்கொரு பகுதியில் டிக்கெட் எடுத்தால் சேர்ந்து போவதற்கே அர்த்தமில்லை.

கேள்வி: போன முறை தங்கைக்கு இரண்டு நாள் காதில் ‘கொய்ங்’ என்றே இருந்தது. பஞ்சு வைத்தால் போதுமா? (சட்டன்)

பதில்: பஞ்சால் பயனில்லை. அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷின் கணக்கில் 85 டெசிபெல் ஒலியை 8 மணி நேரம் கேட்கலாம். 3 டெசிபெல் ஏறஏற அந்த நேரம் பாதியாகும். 94க்கு 1 மணி நேரம், 100க்கு 15 நிமிடம். ராக் கச்சேரி 100ஐச் சாதாரணமாகத் தொடும், ஓயேசிஸ் பாடியதோ சுமார் இரண்டு மணி நேரம்.

மருந்துக்கடையில் கிடைக்கும் நுரை அடைப்பான் நல்ல பாதுகாப்பு, ஆனால் உச்ச ஒலிகளைக் கூடுதலாக விழுங்குவதால் பாட்டு கம்பளிக்குள்ளிருந்து வருவது போலிருக்கும். இசைக்கென்றே ஃபில்டர் வைத்தவை 15 முதல் 20 டெசிபெல் வரை ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், அவற்றையே வாங்குங்கள். நுரை என்றால் மெல்லிய குச்சியாக உருட்டி, எதிர்க் கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே தள்ளி, விரியும் வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைக்காததற்குச் சமம்.

பலர் பாதியில் கழற்றிவிடுவதற்கு ஒரு காரணம் உண்டு. காதை அடைத்தபடி பாடினால் நம் குரலே மண்டைக்குள் முழங்கும். மறுசேர்க்கைக் கச்சேரியில் மொத்த ஸ்டேடியமும் பாடும், உங்கள் தங்கையும் பாடுவாள். அடைப்பானை இன்னும் சற்று ஆழமாக வைத்தால் அந்த முழக்கம் குறையும். ‘கொய்ங்’ இரண்டு நாளைத் தாண்டினால் உங்கள் ஜிபியிடம் (குடும்ப மருத்துவர்) காட்டுங்கள்.

கேள்வி: நான் ஓயேசிஸ் பைத்தியம். தம்பிக்கு நாலு பாட்டுக்கூடத் தெரியாது. அவனைத் தயார்ப்படுத்துவது எப்படி? (ரேய்ன்ஸ் லேன்)

பதில்: மறுசேர்க்கைச் சுற்றுகளில் பாடல் பட்டியல் பெரும்பாலும் அசையாது, விளக்குகளும் திரையில் ஓடும் காட்சிகளும் அதற்கேற்ப அமைக்கப்படுகின்றன. ஓயேசிஸ் 23 பாடல்களை ஏறக்குறைய அதே வரிசையில் ஊர் ஊராகப் பாடியது. அதில் 2000க்குப் பிந்தைய பாடல் ஒன்றே ஒன்று. ஆகவே சுற்றின் முதல் இரவுப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள், எந்த ஆல்பங்களில் குவிகிறது என்று பாருங்கள், அவற்றை மட்டும் போட்டுக் காட்டுங்கள். ஓயேசிஸுக்கு அது 1994, 1995 ஆல்பங்களும் 1998இல் வந்த பி-சைடு (சிங்கிள்களின் மறுபக்கப் பாடல்கள்) தொகுப்பும். ஏழு ஆல்பத்தையும் திணித்தால் தம்பி கச்சேரி அன்று காய்ச்சல் என்பான்.

கூட்டத்தின் சடங்கையும் சொல்லிவையுங்கள். ஒரு பாட்டின்போது எல்லோரும் மேடைக்கு முதுகைக் காட்டி, தோளில் கை போட்டுக் குதிப்பார்கள். போலந்தின் லெக் போஸ்னான் கால்பந்து ரசிகர்களிடமிருந்து மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் எடுத்துக்கொண்ட வழக்கம் அது. தரையில் ஜாலிதான். மேல் அடுக்கில் படி செங்குத்து, காலடியில் பீர் சிந்தியிருக்கும். அங்கே குதிக்காமல் திரும்பி நின்றால் போதும்.

கேள்வி: நானும் அண்ணனும் ஆறு வருடமாகப் பேசுவதில்லை. டிக்கெட் அனுப்பினால் வருவாரா? (லெஸ்டர்)

பதில்: 2009 ஆகஸ்ட் 28 அன்று பாரிஸில் மேடைக்குப் பின்னால் அடித்துக்கொண்ட ஓயேசிஸ் அண்ணன் தம்பி நோயலும் லியாமும் மறுபடி சேர்ந்து மேடையேற 2025 ஜூலை 4 ஆனது. உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. அனுப்பிப் பாருங்கள். வந்தால் சொத்துப் பேச்சை அன்று எடுக்காதீர்கள்.

கேள்வி: உள்ளே ஒருவரையொருவர் தொலைத்துவிட்டால்? முடிந்ததும் ட்யூபில் ஏற ஒரு மணி நேரம் ஆகிறதாமே? (வெம்பிளி)

பதில்: இரண்டு டிக்கெட்டையும் ஒரே போனில் வைத்திருப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒருவர் தாமதமானால் இருவருமே வெளியே. முந்தின இரவே தம்பியின் டிக்கெட்டை அவன் கணக்குக்கு மாற்றி, போன் வாலட்டில் சேர்த்துவிடுங்கள். நெட்வொர்க் இல்லாமலும் திறக்கும். அத்தனை பேர் கூடும் இடத்தில் வாட்ஸ்அப் திக்கும், சாதாரண எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்ச் சேரும். சந்திக்க ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டேடியத்துக்கு வெளியே நிற்கும் கால்பந்து வீரர் பாபி மூரின் சிலை வேண்டாம், எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். உங்கள் பிளாக்குக்கு நேரான உணவுக் கடை அதைவிட மேல். பை ஏ4 தாளின் அளவுக்குள் இருக்கட்டும். உள்ளே ரொக்கம் செல்லாது, தம்பியிடமும் ஒரு கார்டு வேண்டும்.

வெளியேறும்போது வெம்பிளி பார்க் ஸ்டேஷன் பக்கம் கூட்டத்தை நிறுத்தி நிறுத்தித்தான் விடுவார்கள். கடைசிப் பாட்டுக்கு முன்பே ஓடுவது அநியாயம். அதற்குப் பதில் வெம்பிளி சென்ட்ரலுக்கு நடங்கள், இருபது நிமிடம். பேக்கர்லூ ரயில் அங்கிருந்து கிடைக்கும், பசித்தால் ஈலிங் ரோடும் பக்கம்தான். வெள்ளி, சனி இரவுகளில் ஜூபிலி ரயில் விடிய விடிய ஓடும், மெட்ரோபாலிடன் ஓடாது. கார் எடுத்து வராதீர்கள். நிகழ்ச்சி நாளில் சுற்றுத் தெருக்களில் உள்ளூர் அனுமதி இல்லாத வண்டிக்கு அபராதம் நிச்சயம்.

கேள்வி: சென்னையிலிருந்து அக்காவை வரவழைத்துச் சேர்ந்து போக ஆசை. டிக்கெட் முதலா, விசா முதலா? (சர்பிட்டன்)

பதில்: பிரிட்டனின் பார்வையாளர் விசாவுக்குப் பயணத்துக்கு மூன்று மாதம் முன்புதான் விண்ணப்பிக்க முடியும், கச்சேரி டிக்கெட்டோ அதற்கு வெகு முன்பே தீர்ந்துவிடும். ஆகவே டிக்கெட்டை உங்கள் பெயரில் எடுங்கள். விசா மறுக்கப்பட்டால் அதற்காகப் பணம் திரும்ப வராது, அதிகாரபூர்வ மறுவிற்பனையில் விட்டுவிடலாம். முடிவுக்குப் பொதுவாக மூன்று வாரம். கச்சேரி டிக்கெட்டைக் காட்டினால் விசா கிடைத்துவிடாது. அக்காவின் வேலை, விடுப்புக் கடிதம், வங்கிக் கணக்கு, ஊர் திரும்புவதற்கான காரணம், இவற்றைத்தான் பார்ப்பார்கள். உங்கள் வீட்டில் தங்குவதானால் முகவரியும், யார் செலவு என்பதும் எழுதிய கடிதம் சேருங்கள். கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பாவது வந்து இறங்கட்டும். ஓயேசிஸ் மேடையேறிய இரவு 8.15 மணி சென்னையில் நள்ளிரவு 12.45, வந்த அன்றே கூட்டிப் போனால் பாதிப் பாட்டில் கண் சொருகிவிடும்.