பனிக்காலத்தில் நூறு கிலோமீட்டர்: அம்மாப்பேட்டைத் தம்பிக்கு

தம்பி, செப்டம்பரில் பர்மிங்ஹாம் வந்து முதல் குளிர்காலத்தைப் பார்க்கிறீர்கள். ஜனவரி முழுக்க 100 கிலோமீட்டர் நடந்து, மாற்றுத்திறனாளிகளின் விளையாட்டுக்கு நிதி திரட்ட அலுவலகத்தில் ஆள் சேர்க்கிறார்கள். சேரலாமா, குளிரில் முடியுமா, தெரிந்தவர்களிடம் போய்ப் பணம் கேட்பது கூச்சமாக இருக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். சேருங்கள். நான் இங்கிலாந்து போய் 16 வருடம் ஆகிறது, மூன்று முறை செய்திருக்கிறேன். பொங்கல் வரை சேலம் குகைப் பகுதியில் அம்மா வீட்டில்தான் இருக்கிறேன் என்பதால் சாவகாசமாகவே எழுதுகிறேன்.

கூச்சத்தை முதலில் பேசிவிடுவோம். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால் நம் தெருவில் ரசீதுப் புத்தகத்தோடு வசூலுக்கு வருவார்களே, அதை யாராவது பிச்சை என்று சொல்லியிருக்கிறார்களா? அங்கே நடப்பது அதைவிட மொய்க்குத்தான் நெருக்கம். உங்கள் பெயரில் இணையத்தில் ஒரு பக்கம் திறப்பார்கள். யார் எவ்வளவு போட்டார்கள் என்று வரிசையாக அதில் ஏறும். அடுத்த மாதம் பக்கத்து மேசைக்காரர் வேறொன்றுக்காக ஓடுவார், அப்போது நீங்கள் திருப்பிச் செய்வீர்கள். தராதவரை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆரம்பத்தில் ஒரு முறை, பாதியில் ஒரு முறை செய்தி அனுப்பினால் போதும். அப்புறம், கிஃப்ட் எய்ட் என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே வரி கட்டுகிற யாரும் அதை டிக் செய்யலாம், நீங்களும்தான். 10 பவுண்டு கொடுத்தால் அரசாங்கம் இரண்டரை பவுண்டு சேர்த்துக் கொடுக்கும்.

நான் இருப்பது அய்ல்ஸ்பரியில். பக்கத்திலேயே ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை. 1939இல் ஜெர்மனியிலிருந்து உயிர் தப்பி வந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு அடிபட்ட போர்வீரர்களைக் கட்டிலோடு விட்டுவிடாமல் விளையாட வைத்த இடம் அது. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்றே, அங்கே சக்கர நாற்காலியில் 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினார்கள். இன்றைய பாராலிம்பிக்கின் வேர் அதுதான்.

நீங்கள் ஒருநாள் சக்கர நாற்காலிக் கூடைப்பந்தை நேரில் பார்க்க வேண்டும். சக்கரங்கள் மேலே நெருங்கி, கீழே அகன்று சாய்ந்திருக்கும். சட்டென்று திரும்பினாலும் கவிழாமல் இருக்கத்தான் அந்தச் சாய்வு. நாற்காலியும் நாற்காலியும் மோதும்போது இரும்புப் பட்டறைச் சத்தம் வரும். முதல் முறை நான் பதறி எழுந்துவிட்டேன். விழுந்த பெண் சிரித்துக்கொண்டே கையை ஊன்றி, நாற்காலியோடு எழுந்து பந்துக்குப் போனாள். அந்த மாதிரி நாற்காலி சில ஆயிரம் பவுண்டு விலை. நீங்கள் திரட்டும் பணம் இப்படிப்பட்டவற்றுக்குத்தான் போகும். அதனால் உங்கள் பக்கத்தில் "பாவம்" என்கிற தொனி மட்டும் வேண்டாம். அவர்கள் விளையாட்டுக்காரர்கள்.

எனக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. சேலத்தில் என்னோடு படித்த தோழிக்குச் சின்ன வயதிலேயே போலியோ. பி.டி. பீரியடில் எங்கள் பைகளையெல்லாம் வேப்பமரத்தடியில் குவித்து, அவளைக் காவலுக்கு உட்கார வைப்பார்கள். ஐந்து வருடம் அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள்கூட நாங்கள் யாரும் வா என்று கூப்பிடவில்லை. 2016இல் நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கிய அன்று, நான் அவளுக்குத்தான் போன் செய்தேன். மாரியப்பன் ஐந்து வயதில் பேருந்துச் சக்கரத்தில் கால் நசுங்கியவர். டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலமும் வாங்கினார். "எனக்கும் யாராவது ஒரு பந்தைக் கொடுத்திருக்கலாம்டி" என்றாள் அவள்.

போன ஜனவரியில் மிச்சமிருந்த கணக்கை ஏற்காட்டு மலைப்பாதையில் முடித்தேன். கிலோமீட்டர் எந்த ஊரில் நடந்தாலும் கிலோமீட்டர்தான். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் அவளும் கூடவே வந்தாள். விடியற்காலை அடிவாரத்திலிருந்து ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு முன்னே போய் நின்று, வளைவின் எண்ணைச் சத்தமாகக் கூப்பிடுவாள். இருபதாவது வளைவில் பனிமூட்டத்தில் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

அங்கே திரட்டிச் சேலத்துப் பிள்ளைகளுக்கே அனுப்பலாமே என்றும் கேட்டீர்கள். நல்ல எண்ணம், ஆனால் கவனம். இந்தியக் குடிமகனாக உங்கள் சம்பளத்திலிருந்து வங்கி வழியாகத் தருவது வேறு. ஆங்கிலேய நண்பர்களின் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பு. எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாத இந்திய அமைப்பு அதை வாங்கக் கூடாது, உதவப் போய் அவர்களுக்கே வம்பாகிவிடும். அலுவலக வசூல் அங்கேயே போகட்டும். ஊருக்கு உங்கள் பங்கைத் தனியாகச் செய்யுங்கள்.

குளிர் ஒரு பெரிய விஷயமில்லை. தினம் மூன்றேகால் கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் மதிய இடைவேளையில் நடங்கள். ஒரே தடிச் சட்டைக்குப் பதில் மெல்லியதாக இரண்டு மூன்று, இருட்டானால் ஒளிரும் மஞ்சள் ஜாக்கெட். கடுங்குளிரில் நடைபாதை ஈரமாக மினுமினுத்தால் அது தண்ணீராக இல்லாமல் உறைந்த பனியாக இருக்கலாம். அன்று நடக்காதீர்கள். குளிர்காலத்தில் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், நம் நிறத்துக்கு அது இன்னும் அவசியம். தனியாக நடக்காமல் அலுவலகத்தில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி அப்படிக் கூட நடந்தவள்தான்.

பக்கம் திறந்ததும் சுட்டியை அனுப்புங்கள். முதல் மொய் 21 பவுண்டு, அக்கா பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.