அப்பா விட்டுச்சென்ற வெபர் கார்புரேட்டர் ஜோடி: 15,000 ரூபாய்க்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அப்பா எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கோவையில் ரேஸ் கார்களுக்கு டியூனிங் செய்தவர். சோழவரம் பந்தயங்களுக்கு வண்டி தயார் செய்து அனுப்புவார். அவர் காலமான பிறகு பட்டறையை ஒழித்தபோது, துணியில் சுற்றிய இரண்டு கார்புரேட்டர்களும் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்), ஒரு டப்பா நிறைய பித்தளை ஜெட்டுகளும் (அதற்குள் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளைத் திருகுகள்) கிடைத்தன. மேலே 'வெபர்' என்று இருக்கிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் ஜோடிக்கு 15,000 ரூபாய் தருகிறேன், சர்வீஸ் செய்து பார்த்து நன்றாக இருந்தால் கூடுதலாகவும் தருகிறேன் என்கிறார். இணையத்திலோ ஒரு லட்சத்துக்கு மேல் விலை போட்டிருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: சகோதரி, விலைக்கு முன்னால் ஒரு விஷயம். அந்த இரண்டையும் சர்வீஸுக்கு என்று யாரிடமும் கொடுத்தனுப்பாதீர்கள். அந்த மெக்கானிக் நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் இந்தத் தொழிலில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஏமாற்று இதுதான். வெபர் இத்தாலியக் கம்பெனி. அங்கே செய்த அசல் பட்டறைக்குள் போகும். அதைப் பார்த்து வார்த்த சீன நகல் வெளியே வரும். பழகாத கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. முழுசாக மாற்றாவிட்டாலும், உள்ளே இருக்கிற நல்ல பாகங்களைக் கழற்றிக்கொண்டு தேய்ந்ததைப் போட்டு மூடிவிடுவார்கள். உங்கள் அப்பா வாங்கிய காலத்தில் இந்த நகல்கள் சந்தையில் கிடையாது. அதனால் துணியில் சுற்றியபடியே இருந்த உங்கள் ஜோடி அசலாகத்தான் இருக்கும். கைமாறிவிட்டால் அந்த உறுதி போய்விடும்.

முதல் வேலையாக, எஞ்சினோடு சேரும் தட்டையான முகத்தைப் பாருங்கள். அதை ஃபிளாஞ்ச் என்போம். அதை ஒட்டி எழுத்தும் எண்ணும் குத்தியிருக்கும். '40 டி.சி.ஓ.இ.' (DCOE, வெபரின் மாடல் பெயர்) என்பது போலத் தொடங்கி, பின்னால் இன்னொரு எண் வரும். அந்தக் கடைசி எண்தான் உங்களுக்கு முக்கியம். இரண்டு கார்புரேட்டரிலும் அது ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் அது ஜோடி. வேறு வேறாக இருந்தால் இரண்டு ஒற்றைகளாக இருக்கலாம், விலை இறங்கக்கூடும். யாருக்கும் காட்டுவதற்கு முன்பே அந்த எண்களைத் தெளிவாகப் படமெடுத்து வையுங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். இணையத்தில் நீங்கள் பார்த்த ஒரு லட்சம், விற்பவரின் ஆசை. அந்த விளம்பரம் எத்தனை நாளாக அங்கே கிடக்கிறது என்று பாருங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகக் காட்டச் சொல்லலாம். அங்கே தெரிவதுதான் ஒருவர் பையிலிருந்து உண்மையில் எடுத்துக் கொடுத்த பணம்.

நான் கணக்குப் போடும் முறை எளிமையானது. வெபரின் 40 டி.சி.ஓ.இ. 151 என்ற மாடல் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஸ்பெயினில் செய்தது, அசல் வெபர்தான். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, அனுப்பும் செலவு, சுங்க வரி எல்லாம் கட்டி வீட்டுக்கு வந்து சேர என்ன ஆகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பேச்சுக்கு, ஒன்று 60,000 ரூபாய், புதிய ஜோடி 1,20,000 என்று வைப்போம். நன்றாக அசைகிற, உடையாத பழைய ஜோடிக்கு அதில் பாதி கேட்பது நியாயம். அதாவது ஜோடிக்கு 60,000. கேஸ்கட் கிட், பேரிங் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவைக் கழியுங்கள். உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்து, த்ராட்டில் (காற்று போகும் துளையைத் திறந்து மூடும் தகடு) இறுகிப்போயிருந்தால் புதிய விலையில் கால்வாசிதான், அதாவது ஜோடிக்கு 30,000. இது என் கைக்கணக்கு. ஆனாலும் இதன்படி பார்த்தால் 15,000 என்பது இறுகிப்போன ஜோடிக்குக்கூடக் குறைவு.

நிலையை நீங்களே ஓரளவு பார்க்கலாம். த்ராட்டில் லீவரைத் திருப்பி விடுங்கள். மணல் அரைவது போல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு திரும்ப வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, மூடிய நிலையில் இரண்டு துளைகளையும் பாருங்கள். ஒன்று நன்றாக மூடி மற்றதில் பிறைபோல வெளிச்சம் தெரிந்தால், நடுவே ஓடும் தண்டு முறுக்கியிருக்கலாம். லீவரின் நட்டை அளவுக்கு மீறி முடுக்கினால் அப்படி ஆகும். சரிசெய்யலாம், செலவு உண்டு. ஃபிளாஞ்சில் ஸ்டட் (எஞ்சினோடு பிணைக்கும் திருகுக் கம்பி) நுழையும் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்க வருபவர் ஒரு தந்திரம் செய்யக்கூடும். காற்று நுழையும் வாய்க்குள் காலிப்பரை விட்டு அளந்து, "இது 40 இல்லைம்மா, 30தான்" என்பார். 40 என்பது த்ராட்டில் துளையின் விட்டம், மில்லிமீட்டரில். உள்ளே செருகியிருக்கும் குறுகலான வளையத்தைச் சோக் என்போம். அது 30, 32 என்று எஞ்சினுக்குத் தக்கபடி இருக்கும், கழற்றி மாற்றலாம். அவர் அளந்தது சோக்கை. அதைக் காட்டி விலையைக் குறைப்பவரிடம் மேலே பேச வேண்டாம்.

பாலிஷ் போட்டுக் கொடுத்தால் விலை கூடும் என்று சொல்வார்கள். கூடாது. பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றோடு பீய்ச்சி அடித்துப் பளபளப்பாக்கும்போது, அந்த மணிகள் ஊசித்துளை அளவுள்ள பெட்ரோல் பாதைகளில் சிக்கிக்கொள்ளும். பஃபிங் போட்டால் குத்திய எண்ணே மங்கிவிடும். அழுக்கோடு விற்பதே மேல்.

இந்தக் கணக்கு முழுவதும் பொருந்தாத ஒரு வகை இருக்கிறது. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் பெரிய பணத்தை இழப்பது இதில்தான். எதுவார்தோ வெபர் 1923-ல் இத்தாலியின் போலோனியா நகரில் தொடங்கிய தொழிற்சாலை, சில கார் கம்பெனிகளுக்கென்றே தனித்தனி எண்ணோடு கார்புரேட்டர் செய்து கொடுத்தது. லோட்டஸ் எலான் காருக்கு 40 டி.சி.ஓ.இ. 18, பிறகு 31. ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஜி.டி.ஏ.வுக்கு 45 டி.சி.ஓ.இ. 14. இன்று அந்தக் கார்களை ஆலையிலிருந்து வந்தபடியே திருப்பிக் கட்டுபவர்கள் இங்கிலாந்திலும் இத்தாலியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புதிய 151 வேண்டாம். எண் சரியாக இருக்க வேண்டும், வார்ப்பில் 'போலோனியா' என்று இருக்க வேண்டும், மூடியும் லீவரும் அந்தக் காலத்ததாக இருக்க வேண்டும். அப்படிப்பட்டது அழுக்காக இருந்தாலும், பேரிங் போயிருந்தாலும், புதியதைவிட அதிக விலைக்குப் போகும். சாதாரண எண்ணில் ஒற்றையாக ஒன்று மட்டும் இருந்தால் ஜோடி விலையில் பாதிகூட வராது. ஆனால் இந்தத் தனி எண் வகையில் ஒற்றைக்கும் ஆள் வருவார், ஏனென்றால் யாரோ ஒருவரிடம் மற்றொன்று மட்டும் இருக்கும். அதனால் உங்கள் எண் 151 இல்லை என்றால், அந்த எண் எந்தக் காருக்கு உரியது என்று தெரிகிற வரை விலையே பேசாதீர்கள்.

உள்ளூரில் விற்பதில் ஒரு தொந்தரவு உண்டு. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-ல் மத்திய அரசு 'வி.ஏ.' என்று தனிப் பதிவு வரிசை கொண்டுவந்தது. எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது விதி. சரி, கார்புரேட்டர் மாற்றுவது பெரிய மாற்றமா, சின்ன மாற்றமா? அதை ஒரு வரியில் தெளிவாக எழுதியிருந்தால் எத்தனை பேருக்கு அலைச்சல் மிச்சமாகியிருக்கும்! பழைய கார் வைத்திருப்பவர்கள் இதற்குப் பயந்தே வெபரைத் தொடத் தயங்குகிறார்கள். புரோக்கர்களும் இதையே சொல்லி விலையைக் குறைக்கிறார்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால், பெட்ரோல் வாசனை துளியும் இருக்கக் கூடாது. எரிபொருள் மிச்சமுள்ள பாகம் விமானச் சரக்கில் ஆபத்தான பொருள். என் பார்சல் ஒன்றை ஒரு கூரியர் அலுவலகத்தில் இந்தக் காரணத்துக்காக மூன்று முறை திருப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு புதுப் படிவம். எல்லாவற்றையும் முதல் நாளே சொல்லியிருக்கலாம். கழுவி, நன்றாக உலர்த்தி, காலியாக இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பெட்டிக்குள்ளும் வெளியிலும் வையுங்கள்.

அப்புறம் அந்த ஜெட் டப்பா. அதை ஜோடியோடு இலவசமாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் 115, 120, 45 எஃப் 8 என்று எண் இருக்கும். எண் வாரியாகப் பிரித்துப் படமெடுத்துத் தனியாக விலை சொல்லுங்கள்; டியூனிங் செய்பவர்கள் விரும்பி வாங்குவார்கள். கார்புரேட்டருக்குள் இருக்கிற ஜெட்டுகளை மட்டும் எடுக்க வேண்டாம். மேலே இருக்கும் வட்ட மூடியின் விங் நட்டைக் கையாலேயே கழற்றினால் அவை தெரியும். வாங்குபவர் எதிரே திறந்து காட்டி, எண்ணிக் காட்டி, அங்கேயே மூடிவிடுங்கள். அப்பா எந்த வண்டிக்கு எந்த ஜெட் போட்டார் என்று எழுதிய நோட்டு ஏதாவது பட்டறையில் கிடைத்தால், அதன் நகலை ஜோடியோடு கொடுங்கள். அசல் நோட்டு உங்களிடமே இருக்கட்டும்.