பெலாரஸ்: நோபல் பரிசு பெற்றவர் 'கடத்தல்காரர்' ஆன கதை (கேள்வி பதில்)

அமைதிக்கான நோபல் வாங்கிய பெலாரஸ் மனித உரிமைப் போராளி அலெஸ் பியாலியாட்ஸ்கியை எந்தக் குற்றத்துக்காகச் சிறையில் வைத்தார்கள், தோழர்?

பணக் கடத்தல். 2022-ல் நோபல் அறிவித்தபோதே அவர் விசாரணைக் கைதி. ஆஸ்லோவில் பரிசை வாங்கியது அவர் மனைவி. 2023 மார்ச் 3 அன்று 10 ஆண்டு தண்டனை விதித்தார்கள். எல்லை தாண்டிப் பணம் கொண்டுவந்தார், பொது ஒழுங்கைக் குலைப்பவர்களுக்குக் கொடுத்தார் என்பது வழக்கு. அந்தப் பணத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்: 2020 அதிபர் தேர்தல் மோசடியை எதிர்த்துத் தெருவுக்கு வந்து பிடிபட்டவர்களுக்கு வக்கீல் ஃபீஸ் கட்டினார்கள், அபராதம் கட்டினார்கள். அதுதான் குற்றம்! அவரோடு வேலை செய்த ஸ்தெஃபனோவிச்சுக்கு 9 ஆண்டு, லப்கோவிச்சுக்கு 7.

சட்டப்படி பதிவு செய்து, வங்கி வழியாகவே நன்கொடை வாங்கியிருக்கலாமே?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமானதும்கூட. ஆனால் அந்த வழியை அரசே அடைத்துவிட்டது. 1996-ல் அவர் தொடங்கிய 'வியஸ்னா' என்ற மனித உரிமை அமைப்பின் பதிவை 2003-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மறுபடி விண்ணப்பித்தார்கள், நிராகரித்தார்கள். பிறகு, பதிவில்லாத அமைப்பின் பெயரில் இயங்குவதே குற்றம் என்று ஒரு சட்டப்பிரிவு வந்தது. பதிவு இல்லையென்றால் அமைப்புக்கு வங்கிக் கணக்கு ஏது? லிதுவேனியாவிலும் போலந்திலும் தன் பெயரில் கணக்கு வைத்தார். 2011-ல் பெலாரஸ் கேட்டதும் அந்த இரண்டு நாடுகளும் கணக்கு விவரத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டன. வரி ஏய்ப்பு என்று நாலரை ஆண்டு தண்டனை; 2014 ஜூனில்தான் விட்டார்கள். இரு அரசுகளும் பின்னால் வருத்தம் தெரிவித்தன. ஜனநாயக நாட்டு அதிகாரிகள் எதிரே வரும் கோரிக்கை யாரைக் குறிவைக்கிறது என்று பார்க்காமல் கையெழுத்துப் போட்டதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

சிறைக்குள் இப்படிப்பட்ட அரசியல் கைதிகளை எப்படி நடத்துகிறார்கள், அக்கா?

அரசியல் கைதிகளின் சட்டையில் மஞ்சள் அட்டை தைத்திருக்கும். அதைப் பார்த்தாலே காவலர்களின் நடத்தை மாறிவிடும். சட்டைப் பொத்தான் போடவில்லை, சரியாகச் சவரம் செய்யவில்லை என்பதெல்லாம் விதிமீறல்களாகக் கணக்கில் ஏறும். அவை சேர்ந்தால், சிறை நிர்வாகத்துக்குக் கீழ்ப்படியவில்லை என்று குற்றவியல் சட்டத்தின் 411-வது பிரிவின்கீழ் புது வழக்கு, மேலும் தண்டனை. எதிர்க்கட்சிச் செயல்பாட்டாளர் பாலினா ஷரெண்டா பனசியுக்குக்கு 2021-ல் கொடுத்தது 2 ஆண்டுதான். வெளியே வந்தது 2025 பிப்ரவரியில்.

பியாலியாட்ஸ்கி இப்போது விடுதலையாகிவிட்டாரே, நிலைமை மாறுகிறதா?

2025 டிசம்பர் 13 அன்று 123 பேரை விட்டார்கள். அவரும், 2020 போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான மரியா கலெஸ்னிகாவாவும் அதில் உண்டு. பதிலுக்கு அமெரிக்கா பெலாரஸின் பொட்டாஷ் உரத்தின் மீதான தடையை விலக்கியது. அவரை லிதுவேனியாவில் கொண்டுபோய் விட்டார்கள். அன்றும் ஆயிரத்துக்கு மேற்பட்ட அரசியல் கைதிகள் உள்ளேதான் இருந்தார்கள். பேரத்தில் ஆட்கள் கைமாறினார்கள், அவ்வளவே. நான் இதை மாற்றம் என்று சொல்லமாட்டேன்.

என் தம்பி பெலாரஸ் தலைநகர் மின்ஸ்கில் எம்.பி.பி.எஸ். படிக்கிறான். இந்தப் பதிவை அவனுக்கு அனுப்பலாமா?

தயவுசெய்து அனுப்பாதீர்கள். 2023-ல் வியஸ்னாவை 'தீவிரவாத அமைப்பு' என்று அறிவித்துவிட்டார்கள். அப்படி முத்திரை குத்திய பக்கங்களைப் பின்தொடர்ந்ததற்காகவும் பகிர்ந்ததற்காகவும் அபராதம், காவல் என்று அனுபவித்தவர்கள் ஏராளம். போனைப் பிடுங்கி டெலிகிராமைத் திறந்து பார்ப்பது அங்கே சாதாரணம். அவன் ஏற்கெனவே ஏதாவது பின்தொடர்ந்தால் விலகச் சொல்லுங்கள். அதையும் அவன் ஊருக்கு வரும்போது நேரில் சொல்லுங்கள்.