தாத்தாவின் பீரோ என்ன விலை போகும்?

கேள்வி: தாத்தா வைத்துவிட்டுப் போன தேக்கு பீரோவும் ஒரு பெட்டி தச்சுச் சாமானும் இருக்கின்றன. வியாபாரி மொத்தமாக எட்டாயிரம் என்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: மொத்தமாகக் கொடுக்காதீர்கள் அம்மா. அங்கேதான் என்னைப் போன்ற பழைய சாமான் வியாபாரிகள் லாபம் பார்ப்பார்கள்.

பீரோவின் இழுப்பறையை முழுசாக வெளியே இழுத்து, பலகைகள் பல்பல்லாகக் கோத்துச் சேரும் மூலையைப் பாருங்கள். கையால் வெட்டிய பற்கள் ஒன்றுபோல் இருக்காது; ஆசாரி கீறிய அளவுக்கோடுகூடத் தெரியும். பிறகு திருகாணி. ஸ்டார் ஸ்க்ரூ, அதாவது தலையில் கூட்டல் குறிபோல் பள்ளம் உள்ளது, 1930களில் வந்த சரக்கு. ஒன்றிரண்டு பிற்பாடு மாற்றியதாக இருக்கலாம். எல்லாமே ஸ்டார் என்றால், நூறு வருஷத்துப் பீரோ என்ற பேச்சு நிற்காது. புது பாலிஷ் மட்டும் போட்டுவிடாதீர்கள், பழைய மெருகுக்குத்தான் காசு.

அடுத்து தச்சுச் சாமான். மரம் சீவும் இழைப்புளியில் இரும்புத் தகடு எவ்வளவு மிச்சம், தகடு எட்டிப்பார்க்கும் வாய்ப்பக்கம் விரிசல் உண்டா என்று பார்ப்பேன். உளியில் ‘ஷெஃபீல்ட்’ (எஃகுக்குப் பேர்போன இங்கிலாந்து ஊர்) முத்திரை இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். துரு பெரிய குற்றமில்லை, குழி விழுந்த துருதான் விலையைத் தின்னும்.

வியாபாரி வாங்கும் விலை, கடையில் விற்கும் விலையில் பாதிகூட இருக்காது. வண்டிக்கூலி, பழுது, மாதக்கணக்கில் இடம் அடைத்து நிற்பது எல்லாம் அந்த வித்தியாசத்தில் அடக்கம். புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு நடை நடந்து விலை கேளுங்கள். வெளிநாட்டு ஆள் கேட்டால் யோசியுங்கள்: நூறு வயது தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டம் விடாது.